ஐந்து கிராம்

காலை ஒன்பதேகாலுக்கு
மும்பையிலிருந்து தனசேகர் மெசேஜ் போடுவான்.
வணக்கம் கிடையாது, நலமா கிடையாது,
ஒரு எண், புள்ளி வைத்து இன்னொரு எண்.
அதைப் படித்த பிறகுதான்
ஷட்டரின் மீதிப் பாதியைத் தூக்குவேன்.

லீ பஜாரில் என் கடைக்கு வருகிறவர்கள்
பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலைக்காரர்கள்.
மாவுப்பாலின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மானி,
லிட்மஸ் தாள், பள்ளிக்கூடங்களுக்கு பிப்பெட்.
மூன்றாம் தட்டு மட்டும் மலைக்காரர்களுக்கு:
ஒயின் ஈஸ்ட், காற்றுப்பூட்டு, போர்ச்சுகல் தக்கை.
அக்டோபரில் தூசி தட்டுவேன்,
ஜனவரியில் மறந்துவிடுவேன்.

ஈஸ்ட் பொட்டலம் ஐந்து கிராம்.
பிரித்துப் பார்த்தால் பொடுகு மாதிரி இருக்கும்.
நான் பார்க்காத துறைமுகத்தில் கப்பலேறி,
நான் தொடாத நோட்டில் விலை பேசப்பட்டு,
சென்னையில் வரி கட்டி
என் கைக்கு வரும்போது
எனக்கு நிற்பது பதினோரு ரூபாய்.
இது கணக்குப் புத்தகம் சொல்வது.

புத்தகத்தில் எழுதாதது:
டாலர் ஏறினால்
போன மாதச் சரக்குக்கும் அன்றைக்கே புது ஸ்டிக்கர்.
இறங்கினால்,
"பழைய ரேட்ல எடுத்ததுங்க, எனக்கே கட்டாது."
அம்பாலாவில் ஊதிய கண்ணாடி மானி
கடலையே பார்த்ததில்லை.
அதற்கும் நாற்பது ஏற்றினேன்,
தக்கைக்குப் பக்கத்தில் இருந்த பாவத்துக்கு.

நேற்று எமரன்சி டீச்சர் வந்தார்,
ஏற்காட்டு மழை இன்னும் சொட்டுகிற குடையோடு.
கணக்கு டீச்சர்.
பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்து
நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினார்.
நூற்று அறுபத்தைந்து.
அதற்குக் கீழே நூற்று நாற்பது.
இன்னொரு தோல், நூற்றுப் பத்து.
அடியில், பசை காய்ந்து மஞ்சளாகி,
தொண்ணூற்றைந்து.

"எறங்குனதே இல்லீங்களா?"

ரேட்டு, கன்டெய்னர் வாடகை, என்னென்னவோ சொன்னேன்.
"ஜூலைல எறங்குச்சே, பேப்பர்ல போட்டிருந்தானே."
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
அது சுற்றிக்கொண்டிருந்தது.

கோபமில்லை அவருக்கு.
"டாலர் ஏறினா எங்க அண்ணன் காப்பிக்கு
நல்ல வெலை கெடைக்கும்ங்கறாங்க.
உங்க கடைக்கு ஒரே நாள்ல வந்துருது.
மலை ஏறத்தான் அதுக்கு மூச்சு வாங்குது போல."

ஒரே ஒரு பொட்டலம் எடுத்தார்.
வருடா வருடம் இரண்டு வாங்குகிறவர்.
"போன வருஷத்து அடிவண்டல்
ஃப்ரிட்ஜுல ஒரு பாட்டில் வெச்சிருக்கேன்.
சர்க்கரைத் தண்ணி காட்டினா எந்திரிச்சுக்கும்."
அப்புறம் இது எதுக்குங்க என்றேன்.
"அது எந்திரிக்கலைன்னா?"

மும்பையில் இதற்குத் தனி மேசை போட்டு
கோட்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.
இவர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சுருக்குப்பை எடுத்து
நூற்று அறுபத்தைந்தை
சில்லறையாக எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

ஒன்றேகால் பஸ்,
இருபது கொண்டை ஊசி வளைவு.
இந்நேரம் கொல்லையில் உதிர்ந்த ஆரஞ்சின் சாற்றில்
அந்தப் பொடுகு விழித்திருக்கும்.
ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக,
இரவு முழுக்கப் பெருகும்,
தனசேகரை ஒரு வார்த்தை கேட்காமல்.

கல்லாமேசை மேல்
அவர் உரித்துப் போட்ட மூன்று ஸ்டிக்கர்கள்
நகம் வெட்டிப் போட்டது போலச் சுருண்டு கிடந்தன.
பெருக்கித் தள்ளவில்லை.

இன்று காலை ஒன்பதேகால்.
எண் வந்தது.
முப்பது பைசா குறைவு.
விலை அடிக்கிற மெஷினை எடுத்து
சக்கரத்தைப் பின்னால் திருப்பினேன்.
வெகுநாள் முன்னாலேயே திருப்பிப் பழகியதால்
துருப்பிடித்த சத்தம் போட்டது.
நூற்று ஐம்பத்தைந்து.
ஒன்றே ஒன்று அடித்தேன்.

தட்டில் மீதி பதினான்கு பொட்டலம்.
எதில் ஒட்டுவது என்று
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு,
கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு
டீ குடிக்கப் போனேன்.
டீ பன்னிரண்டு ரூபாயிலிருந்து
பதினைந்து ஆகியிருந்தது.
ஏன் என்று கேட்க
வாய் வரவில்லை.