நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே

பதினொன்று பத்துக்கு அழைப்பு வந்தது.
புவெனஸ் ஐரிஸ், சூய்பாச்சா தெரு,
தொண்ணூறு வயது லிஃப்ட்.
உள்ளே ஓர் ஆள், வெளியே ஒரு நாடு.
ஒன்று பாதியில் நின்றுவிட்டது,
மற்றது இறங்கிக்கொண்டே இருந்தது.

வழியில் நாணயமாற்றுக் கடைக்காரன்
எச்சில் தொட்டுப் பலகையை அழித்தான்,
எழுதினான், அழித்தான்.
ரொட்டிக் கடையில் விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டார்கள்.
"கேட்டால் சொல்வோம்" என்று ஓர் அட்டை மட்டும்.

ஐந்தாம் மாடியிலிருந்து பார்த்தால்
கம்பிக் கதவுக்குள் தலையும் தோளும்;
நாலாம் மாடியிலிருந்து பார்த்தால் காலணிகள்.
பொத்தான் இறக்குமதி செய்யும் எவரிஸ்தோ பெலாந்தி.
தலை, நிதானமாக இருப்பதுபோல் நடித்தது.
காலணிகளுக்கு நடிக்கத் தெரியவில்லை.

"எல்லாவற்றையும் விற்கணும், நெலிதா, இப்போதே.
இதற்குள் சிக்னல் இல்லை.
கதவை உடைத்துவிடு."

உடைக்கலாம். கடப்பாரை இருக்கிறது.
இருபத்தாறு வருடத்தில்
கயிறு அறுந்து செத்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.
பாதியில் நின்ற லிஃப்டிலிருந்து
குதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.
மூன்று பேர்.
ஒருவருக்கு என் வயதுகூட இல்லை.

"கதவைத் தொடாமல் உட்காருங்கள்" என்றேன்.
"உனக்கென்ன, உன் பணமா விழுகிறது?"

என் பணமும்தான்.
அன்று காலை அதே கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.
அதை அவரிடம் சொல்லவில்லை.
மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறினேன்.

கருவிப்பெட்டி மூடியின் உள்பக்கம்
ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்.
எந்தச் செய்தியும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதியது:
ஆறு மாதச் செலவு தனியே.
பத்து வருடம் தேவைப்படாதது மட்டும் பங்குகளில்.
எல்லாம் ஒரே நாட்டில் வேண்டாம், இந்த நாட்டில் குறிப்பாக.
விழுகிற நாளில் எதையும் மாற்றாதே.
ஏறுகிற நாளிலும்.

எழுதியவள் அமைதியாக இருந்தாள்.
படிப்பவளுக்குக் கை நடுங்குகிறது.
அதற்குத்தானே எழுதி வைத்தது.

ஆனால் ஒன்று.
அப்பாவும் நிதானமாகத்தான் இருந்தார்.
ஊரே வங்கி வாசலில் நின்றபோது
வீட்டில் உட்கார்ந்து கடுகடுவென்று மாத்தே உறிஞ்சினார்,
"பதறாதே, வங்கி எங்கே போய்விடும்?"
வங்கி எங்கேயும் போகவில்லை.
கதவைச் சாத்திக்கொண்டது.
திறந்தபோது அவர் போட்ட டாலர்
பெசோவாக மெலிந்து வெளியே வந்தது.

அசையாமல் இருப்பதும் நிதானமும் ஒன்றல்ல.
எந்தக் கயிற்றில் தொங்குகிறோம் என்று
ஏறுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்;
தொங்கும்போது பார்த்துப் பயனில்லை.

பிரேக்கைத் தளர்த்தி
கைச்சக்கரத்தைச் சுற்றினேன்.
அவசரப்பட்டால் சக்கரம் கையைவிட்டு ஓடும்.
ஒரு பல், இன்னொரு பல்.
கயிற்றில் பூசிய மஞ்சள் குறி
மெதுவாக, மிக மெதுவாக, அதன் இடத்துக்கு வந்தது.
கூண்டு ஏற, எதிர்ப்பக்க எடைக்கட்டி
சுவரோரம் சத்தமில்லாமல் கீழே போனது.

நாற்பது நிமிடம்.
வெளியே வந்தவர் நன்றி சொல்லவில்லை.
கைபேசி உயிர்பெற்றது.
"இன்னும் விழுந்திருக்கிறது" என்றார்.
விரலால் தள்ளிப் பார்த்தார்.
"நடுவில் கொஞ்சம் ஏறியும் இருக்கிறது."
அப்புறம் ஒரு சிரிப்பு, இருமல் மாதிரி.

விற்றாரா, தெரியாது.
கட்டைவிரல் திரைக்குமேல் நின்றது,
உட்காரலாமா என்று யோசிக்கும் ஈ போல.

நானும் உத்தமி இல்லை.
ஐந்தாம் மாடிக் கழிவறையில் கதவைத் தாழிட்டு
ஒரே ஒரு தடவை
என் கணக்கைப் பார்த்தேன்.
பார்த்துவிட்டு முகம் கழுவினேன்.
மூடியைத் திறந்து
காகிதத்தை இன்னொரு முறை படித்தேன்.

படியில் இறங்கும்போது பெலாந்தி கேட்டார்:
"கூலியை நாளைக்குக் கொடுக்கட்டுமா, நெலிதா?
நீதான் பொறுமைசாலி ஆயிற்றே."

"இப்போதே கொடுங்கள்" என்றேன்.
"பெசோவில் என்றால்,
எண்ணும் நேரத்துக்குள்."