தமிழை மட்டும்

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால்
குகதாசன் பாமசியில் வேலை எனக்கு.
பின்னேரங்களில் சுரண்டுவது.

கம்பனிப் பெடியன் சும்மா தந்துவிட்டுப் போகிற
குட்டிக் கிறீம் ரியூப்புகள்.
'விற்பனைக்கு அல்ல' என்று
மும்மொழியிலும் கிடக்கும்.
"தமிழை மட்டும் எடு பிள்ளை, காணும்.
மிச்சத்தை இஞ்சை ஆர் வாசிக்கினம்?"
நகத்துக்குள் பசை.
சோறு குழைக்கும்போதும் மணக்கும்.

ஒன்று அறுபது ரூபா.
சித்திரை வெயிலில் முகம் வெந்துபோன
வெங்காயக்காரி தவமலர்
முடிச்சவிழ்த்து எண்ணித் தந்தாள்.
"பெரிசு எண்ணூறாம்.
நல்லகாலம், நீங்கள் சின்னனும் விக்கிறியள்."
அந்த நன்றியை
எந்தக் கொப்பியில் பதிய?

போன வெள்ளி
ஒன்றை என் கைப்பைக்குள் போட்டேன்.
கமரா கண்டுவிட்டது.
"களவு" என்றார் முதலாளி.
சும்மா வந்ததைக் களவெடுக்கலாமோ என்று
கேட்க வாயெடுத்தேன்,
தவமலர் நினைவுக்கு வந்தாள்,
பேசாமல் நின்றேன்.
சம்பளத்தில் அறுபது கழித்தார்.
ரசீது கேட்டேன்.
கொஞ்சநேரம் என்னையே பார்த்தார்,
பிறகு எழுந்துபோய்
விசிறியைக் கூட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்க்க,
சுரண்ட மறந்த ஒன்று.
தமிழ் அப்படியே இருந்தது.
அறுபது ரூபாவுக்கு
வாங்கியிருக்கிறேன்.