முப்பத்தோராம் எண் அட்டை

தசைகளின் பெயரெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.
எங்கே தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது,
எதை அழுத்தினால் எது விடும்.
"எண்பத்தைந்து டாலர்" என்பதைக்
குரல் இறங்காமல் சொல்ல மட்டும்
ஒருவரும் சொல்லித்தரவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.
எனக்கு இருப்பது கை.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, தாதுக் கப்பல்கள்
துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன.
பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை, ஒரு மேசை.
வாடகை மட்டும் உறைவதில்லை.

கூட்டுறவுக் கடைப் பலகையில் என் விளம்பரம்.
கிழித்தெடுக்கப் பத்து வால்கள், பத்திலும் என் எண்.
மூன்று வாரத்தில் இரண்டு போயின.
அதில் ஒன்றைக் கிழித்தது நான்.
யாரும் தொடாத தாளை யாரும் தொடமாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை, ஹோட்டல் அறையில்,
விற்பனை வகுப்பு. காபி இலவசம்.
வந்தவர் பொத்தான் போடும்போதே
அடுத்த தேதியைக் கேட்டுவிடு என்றார்கள்.
உடம்பு இளகியிருக்கும், மறுக்காது.
வாசலில் பனி வாரும்போது
அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகினேன்.
பனி, கேட்காமலே
மறுநாளும் வந்தது.

இன்னொன்றும் சொன்னார்கள்:
பரிசு அட்டை விற்றுவிடு.
திரும்பி வராத அட்டைதான் முழு லாபம்.

விற்றேன், அந்த டிசம்பரில், நாற்பது.
முப்பத்தொன்றை வாங்கியவர் ஆர்டெல் ஸ்கோக்லண்ட்.
கையுறையைப் பல்லால் கழற்றி
என் பேனாவை வாங்கி
'யாருக்கு' என்ற கோட்டில் எழுதத் தொடங்கினார்.
கோடு முடிந்தது. அவர் முடிக்கவில்லை.
எழுத்து ஓரத்தில் திரும்பி, சிறுத்து,
விலைக்குப் பக்கத்தில் போய் நின்றது.
நான் படிக்கவில்லை.
பணம் அன்றைக்கே
ஹீட்டர் பழுதுபார்த்தவன் கைக்குப் போனது.

பதினான்கு மாதம் கழித்து வெர்னா வந்தாள்.
கோட்டுப் பையில் கிடைத்ததாம்.
அவருடைய கோட்டுப் பையில்.
கொடுக்க மறந்தாரா, நாள் கிடைக்கவில்லையா,
நான் கேட்கவில்லை.
"செல்லுமா?"
காலாவதித் தேதி எங்கள் இருவருக்கும்
தலைகீழாகவும் தெரிந்தது.
"செல்லும்" என்றேன்.

முகம் தாங்கும் வளையத்தின் கீழே
தரையில் ஒரு சொட்டு.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
அதை மிதித்த என் காலுறை நனைந்தது.
இடது தோளில் ஒரு முடிச்சு, விடவில்லை.
அழுத்தாமல் கையை வெறுமனே வைத்திருந்தேன்.
விலைப்பட்டியலில் அதற்கு வரி கிடையாது.

பொத்தான் போடுகிறாள்.
வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.
அதற்குள் அவளே கேட்டாள்:
"இந்த அட்டையை நீங்கள் கிழித்துவிட வேண்டுமோ?"
"வழக்கம் அதுதான்."
"நான் வைத்துக்கொள்ளட்டுமா?
அவர் கையெழுத்து கடைசியில் பொடியாகிவிடுகிறது,
கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டும்."

கணக்கு நோட்டில்
முப்பத்தோராம் எண்ணுக்கு நேரே
'திரும்பவில்லை' என்றுதான் இருக்கிறது.
வகுப்புப்படி, முழு லாபம்.

அச்சகத்துக்குப் போன் செய்தேன்.
அதே நிறம், அதே தாள், விலை மட்டும் ஐந்து டாலர் கூட.
அந்தக் கோட்டை நீட்ட வேண்டும்.
"எவ்வளவு?"
"ஓரம் வரைக்கும்" என்றேன்.
பிறகு, அவன் வைப்பதற்குள்,
"அதன் கீழே இன்னொரு கோடும்."