நானூற்றுப் பன்னிரண்டு கிராம்

டிரான்ஸ்பார்மர் மேல் சாய்ந்தது, அதுதான் குற்றம்.
புயல் போன மறுநாள்
சூளையில் எங்கள் தெருமுனைப் பூவரசை
மாநகராட்சி ஆட்கள் துண்டு போட்டார்கள்.
லாரி நிறைவதற்குள் ஓடிப்போய் ஒரு துண்டு கேட்டேன்.
"அடுப்புக்கா மேடம்?" என்றார் கஜபதி.
கடைசலுக்கு.
"அப்ப நடுச்சோறு ஆகாது, வெடிச்சிரும்"
ரம்பத்தை மறுபடி உறுமவிட்டு
நீளவாக்கில் பிளந்து, நடுவை எடுத்துப் போட்டு,
இரண்டு பாதியும் தந்தார்.

மரம் குடித்த வழியாகவே வேகமாகக் காயும்.
அந்தோணியார் கோயில் மெழுகுவத்தி மிச்சங்களை உருக்கி
வெட்டுமுகங்களின் வாயை அடைத்தேன்.

பிறகு ஆணிகள்.
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைப் பட்டை மேல் ஓட்ட
ஓட்ட
டக், டக்.
வீடு வாடகைக்கு. மூலம் பௌத்திரம். கண்ணீர் அஞ்சலி.
முப்பத்தியோரு ஆணி பிடுங்கினேன்.
தொண்ணூற்றெட்டில் நான் அடித்ததும் இருந்திருக்கும்:
பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன்,
அடியில் அப்பாவின் போன் நம்பர்.
காந்தம் தவறவிட்ட ஒன்று
லேத்தில் என் உளியின் முனையைத் தின்றது.

ஈர மரம் கடையும்போது முகத்தில் தெறிக்கும்.
கட்டைவிரல் கனத்தில் ஒரு கிண்ணம்,
அதன் சீவலோடே காகிதப் பையில் கட்டி
கட்டிலுக்கடியில் வைத்தேன்.
ஞாயிறுதோறும் சமையல் தராசு.
காலண்டர் தாளின் பின்பக்கம்
அறுநூற்றுத் தொண்ணூறு
அறுநூற்று முப்பத்தெட்டு
ஐந்நூற்று எண்பது.
கீழ்வீட்டு மெஹ்ருன்னிசா எட்டிப் பார்த்து
"பிள்ள இளைச்சுக்கிட்டே போகுதே" என்றாள்.
இளைக்கட்டும் என்றேன்.
கத்திரி வெயிலில் மளமளவென்று,
பிறகு கிராம் கிராமாக.
ஆவணியில் மூன்று ஞாயிறு அதே எண்.

வட்டமாய்ப் போனது முட்டையாய் வந்தது.
மறுபடி லேத்தில் ஏற்றி
கோணலைச் சீவித் தள்ளினேன்.
சாக்லேட் நிற வைரத்தின் நடுவே
கருநீலக் கசிவு ஒன்று,
இரும்பு போன பின்னும் இரும்பின் கறை.
என்னுடையதா, மூலக்காரருடையதா,
யாருடைய கண்ணீர் அஞ்சலியா.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், இன்னும் ஆழமாய்த் தெரிந்தது.
விட்டுவிட்டேன்.

இப்போது வாசல் அலமாரியில் இருக்கிறது,
சாவிகளும் சில்லறையுமாக.
ஐப்பசி அடைமழை, கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி
பழக்கதோஷத்தில் தராசில் வைத்தேன்.
கடைந்து முடித்த எடையைவிட
ஏழு கிராம் கூட.

சாவிகளை எடுத்துவிட்டுத்தான் வைத்தேன்.