நேராகப் பார்த்தால் தெரியாது

முப்பத்தொன்பது ஸ்லோட்டி.
அந்தக் காசுக்கு இரண்டு நாள் மதியச் சாப்பாடு,
இல்லை, ஒரு நல்ல கம்பளிக் காலுறை.
வாங்கியதோ
ஒரு விரல் மட்டும் நுழையும் வட்ட டப்பா.
மூடியில் எழுதியிருந்தது:
இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு.
எப்போது, எப்படி என்று
எழுதியிருக்கவில்லை.

விடிகாலை மூன்றே முக்கால்.
வூட்ஜ் நகர டிராம் பணிமனை, பெண்கள் கழிவறை.
குழல் விளக்கு நவம்பரிலிருந்து
கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது.
சுட்டுவிரலால் தொட்டு
கன்ன எலும்பின் மேட்டில் இழுத்தேன்.
கோதுமை மாவு.
ரொட்டிக் கடைக்காரர் யாரோ
செல்லமாய்த் தட்டிவிட்டுப் போன மாதிரி.
இன்னொரு முறை இழுத்தேன்.
இப்போது இரண்டு ரொட்டிக் கடைக்காரர்கள்.

கை கழுவ வந்தாள் யொவித்தா.
கதவருகே நின்று,
"என்னடி, கன்னத்துல பச்சையா?"
குழாயருகே வந்து,
"இல்ல இல்ல, ரோஸ்."
பிறகு என் எதிரில் நின்று உற்றுப் பார்த்து,
"ஒண்ணுமே இல்லையே, ஹால்ஷ்கா.
நேத்து தூங்கினியா?"

பதிவேட்டுக்குப் பின்னால் கஸூப்ஸ்கி.
சீருடை விதிகளைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்:
முக அலங்காரம் அடக்கமாக இருத்தல் வேண்டும்.
எதையும் நேருக்கு நேர் பார்ப்பதுதான்
அவருக்குப் பெருமை.
ஊதச் சொன்னார், ஊதினேன்.
கருவியில் பூஜ்யம்.
ஒரு சாண் தூரத்திலிருந்து என் முகத்தைப் பார்த்தார்.
அங்கேயும் பூஜ்யம்.
கையெழுத்துப் போட்டு
சாவியைத் தள்ளினார்.
நான் திரும்பியபோது
அவர் குனிந்திருந்தார்.

ஆறரை வரை இருட்டு, சேறாகிப் போன பனி,
கொட்டாவி விடும் செவிலியர்கள்.
பிறகு, பழைய நெசவாலையின் செங்கல் சுவர்
முடிகிற திருப்பத்தில்
(ஆலை இப்போது அடுக்குமாடி வீடுகள்;
தறி ஓடிய தளத்தில் யாரோ
சைக்கிளைச் சுவரில் மாட்டியிருக்கிறார்)
வெயில் பக்கவாட்டில் வந்து அறைந்தது.
உள்கண்ணாடியில் எனக்கே தெரிந்தது.
புறாவின் கழுத்து.
மழை விட்ட பெட்ரோல் பங்கின் தரை.
வண்டி நிமிர நிமிர
பச்சை கழன்று ரோஸ் ஏறியது,
ரோஸும் கழன்றதும்
ஐம்பத்து மூன்று வயதுத் தோல்.

இந்தத் தடத்தில் ஒன்பது திருப்பங்கள்.
சக்கரம் பல்லைக் கடிக்கும் ஒன்பது இடங்கள்.
பத்தொன்பது வருடமாகத் திட்டியிருக்கிறேன்.
இன்று மூன்றாவதற்காகக் காத்திருந்தேன்,
ஏழாவதற்கு முன்னால்
தேவைக்கு மேல் வேகம் குறைத்தேன்.
பின்னால் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து
பெருமூச்சு விட்டார்.
விடட்டும்.

மருத்துவமனை நிறுத்தம்.
மூக்கொழுகும் ஒரு சிறுமி
என் அறைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாள்.
"அம்மா, ஓட்டுறவங்க கன்னத்துல பொன்வண்டு!"
அம்மா கைபேசியிலிருந்து நிமிர்ந்து
நேராகப் பார்த்தாள்.
"எங்கே? சும்மா இரு, லிலியானா."
சிறுமி தலையைச் சாய்த்தாள்.
நானும் சாய்த்தேன்.
கதவு மூடும் மணி அடித்தது.

இரண்டு மணிக்கு வண்டியை
பொகுமிவ் கையில் ஒப்படைத்தேன்.
பெரிய மீசை, பெரிய உடம்பு,
வானிலையைத் திட்டாமல் உட்காரத் தெரியாதவர்.
நான் எட்டு மணிநேரம் பிடித்திருந்த கைப்பிடியைப் பிடித்தார்,
வழக்கம்போல மீசையை முறுக்கினார்.
அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் அதே இடம், அதே நேரம்.
வானிலையை விட்டுவிட்டு வேறொன்றைத் திட்டினார்.
"நேத்து ராத்திரி மருந்துக் கடைக்காரி
என்னைப் பார்த்துச் சிரிக்கிறா.
இன்னிக்குக் காலையில பால்காரனும்.
முகத்துல என்னதான் இருக்கு?
கண்ணாடியில நல்லாத்தான் பார்த்தேன்."

"எப்படிப் பார்த்தீங்க?"

"எப்படிப் பார்ப்பாங்க? நேராத்தான்!"

மேல்கோட்டை மாட்டத் திரும்பினார்.
மீசையின் இடது நுனி பச்சையில் தொடங்கி
ரோஸில் முடிந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கைப்பிடியைத் துடைக்கவும் இல்லை.