ஏறிய இடத்தைச் சேர்த்து

இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரி.
தரமணியில் அன்று முப்பத்தொன்பது.
கிருமிங்களுக்கு நம்மைவிடக் குளிர்ச்சியான வீடு
என்பாள் நிலோபர், கையுறையை உரித்தபடி.
விரல் நுனிகள் வெந்து சுருங்கியிருக்கும்.

அவள் ஈரத்தில் வேலை செய்பவள். நான் காய்ந்த பக்கம்.
கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் எனக்கொரு மேசை,
ஒரு விசை உதிர்ந்த லேப்டாப்,
ஆட்டோகிளேவைத் திறக்கும்போதெல்லாம்
தீய்ந்த ஹார்லிக்ஸ் வாசனை.

எண்ணூர்த் தண்ணீரில் ஈயம் இருந்தால்
ஊதாவாக மாறவேண்டும் ஒரு பாக்டீரியா.
அதற்கான டிஎன்ஏவை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது
என்று சொல்வது நான் எழுதிய நிரல்.
நாலே எழுத்துள்ள பாஷை.
என்ன பெரிய கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

இருபத்துநான்கு சோதனை. இருபத்துநான்கும் தேறியது.
திரையில் பச்சை டிக்.
பதினோராயிரம் ரூபாய்க்கு ஆர்டர் போட்டோம்.
கூரியரில் வந்த குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தால்
காலியாகத்தான் தெரிந்தது.

மூன்று வாரம்.
தட்டுகள் ஊதாவாகவில்லை. பழங்கஞ்சி நிறம்.
பைப்பெட்டை மாற்றினாள்,
உப்பை மாற்றினாள்,
கட்டைவிரலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு
மறுபடி முதலிலிருந்து.
நோன்பு மாதம் வேறு.
வராந்தாவில் நின்று ஒரு பேரீச்சை, ஒரு வாய்த் தண்ணீர்,
பிறகு அடுத்த தட்டு.

"உன் புரோகிராம்ல ஏதாச்சும்..." என்று ஒருமுறை இழுத்தாள்.
பச்சை டிக்கைக் காட்டினேன்.
அதைப் பார்த்துவிட்டு
தன் கைகளைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை, பீச் போகும் பறக்கும் ரயில்.
என்னோடு தரமணியில் ஏறியவர்
தோளில் பிவிசி பைப், மேலெல்லாம் பசை நெடி.
வண்டி கிளம்பாமல் நிற்கும்போதே கேட்டார்:
"மந்தவெளி எத்தினியாவது ஸ்டேஷன் தம்பி?"
"ஆறாவது" என்றேன், நிமிராமல்.

கிரீன்வேஸ் ரோட்டில்
பைப் முதலில் இறங்கியது, அப்புறம் அவர்.
அண்ணே இது இல்ல, அடுத்தது! என்று
வாசலுக்கு ஓடுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.
மஞ்சள் பலகையின் கீழே
விரல் மடக்கி மறுபடி எண்ணிக்கொண்டு நின்றார்
தரமணியை ஒன்று என்று எண்ணிய மனிதர்.
அவர் எண்ணியதில் பிழையில்லை.
நான் சொன்னதிலும்தான்.

மந்தைவெளியில் நான் இறங்கிவிட்டேன்.
சிமெண்ட் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தேன்.
மரபணுக் கோப்பு ஒன்றிலிருந்து எண்ணுகிறது.
என் நிரல் பூஜ்ஜியத்திலிருந்து.
இரண்டாம் துண்டு வந்து ஒட்டும் இடத்தில்
அதன் முதல் எழுத்து மட்டும்
பிளாட்பாரத்தில் நின்றுவிட்டது.

படகு கடல் மணல் என்று எழுதி வைத்து
தலையெழுத்து ஒன்று தவறினால்,
மூன்று மூன்றாகவே வாசிக்கத் தெரிந்தவன்
டகுக டல்ம ணல் என்பான்.
முகம் சுளிக்கமாட்டான். திருப்பிக் கேட்கமாட்டான்.
செல்லுக்குள் இருப்பவனும் அப்படித்தான்.
மூன்று வாரமாக இராப்பகலாக
என் உளறலை
அட்சரம் பிசகாமல் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சோதனைகளா?
அவற்றையும் நான்தானே எழுதினேன்.

போன் போட்டேன். சொன்னேன்.
பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்,
ஜாம்பஜார்த் தெருவின் ஹாரன்.
திட்டட்டும் என்று காத்திருந்தேன்.
"அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.
அப்புறம் ரொம்ப நேரம் குழாய் மட்டும் ஓடியது.

ஒரு கழித்தல் குறி, பக்கத்தில் ஒரு ஒன்று.
அவ்வளவுதான் திருத்தம்.
புதுக் குப்பி வரப் பன்னிரண்டு நாளாம்.
இன்றைக்குச் சேர்த்தா, சேர்க்காமலா என்று
கூரியர் ஆபீஸில் கேட்டேன்.
வேலையத்தவன் என்பதுபோல் பார்த்தார்கள்.