எழுபத்து நான்காம் கேள்வி

செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை.
டேவன்போர்ட் நூலகத்தின் அடித்தளம்.
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
முப்பத்தோரு வருடம் தபால் பை தொங்கிச்
சரிந்துபோன தோளோடு
வெள்ளைப் பலகை முன் நிற்கிறேன்.

நூறு கேள்விகள்.
அதிகாரி பத்து கேட்பார்.
ஆறுக்குச் சரியாகச் சொன்னால் நீ இந்த நாட்டு ஆள்.

இன்று எழுபத்து நான்கு:
உள்நாட்டுப் போருக்கு வழிவகுத்த
ஒரு பிரச்சினையைக் கூறு.
விடைத்தாளில் மூன்று இருக்கின்றன.
அடிமைமுறை.
பொருளாதாரக் காரணங்கள்.
மாநிலங்களின் உரிமைகள்.
எதைச் சொன்னாலும் ஒரே டிக்.

"எது சின்னது?" என்கிறான் எலியாசர்.
கூரை வேய்கிறவன், நகக்கண்ணில் தார்.
"முதலாவது. ஒரே சொல்."
"அப்போ அதுவே போதும்."
எழுதிக்கொண்டு அடுத்த பக்கம் திருப்புகிறான்.

ஃபுராஹா திருப்பவில்லை.
பன்றி ஆலையில் இரவு ஷிஃப்ட் அவளுக்கு;
பத்து மணிக்குக் கத்தி பிடிக்க வேண்டும்.
"இதை எழுதியது மூன்று பேரா?" என்கிறாள்.
"ஒரே மேசையில் உட்கார்ந்து
ஒருவரோடொருவர் பேசாத மூன்று பேரா?"

எனக்குத் தாகம் எடுக்கிறது.

நூலகத்துக்கு வெளியே ஓடும் இதே ஆறு
நாலு மாநிலம் கீழே போய்
என் அப்பாவின் மாவட்டத்தைத் தொடும்.
அங்கே, அறுபத்திரண்டில்,
நீதிமன்றத்து மர கவுண்டரில்
அவருக்கும் ஒரு பரீட்சை நடந்தது.
அவருக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பையனுக்கு
ஒற்றை வரி கொடுத்தார்கள்:
கடனுக்காக யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது.
அப்பாவுக்குக் கிடைத்தது
வெள்ளக்கரை வரி பற்றிய அரைப் பக்கம்.
எழுதிக் காட்டு, விளக்கிச் சொல்.

பருத்தி ஆலையில் எடைக்கணக்கு எழுதியவர் அவர்.
ஒன்றரைப் பக்கம் விளக்கினார்.
பிழையில்லாத கையெழுத்து.
பதிவாளர் படிக்கவேயில்லை.
"திருப்தி இல்லை" என்றார்.
திருப்தி இல்லாததற்குக் காரணம் சொல்ல
எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை.

விண்ணப்பித்தவர் பெயரைச் செய்தித்தாளில்
இரண்டு வாரம் போட்டார்கள்.
முதல் வாரமே ஆலையில் கணக்குப் புத்தகம் வேறு கைக்குப் போனது.
அப்பா அந்த நாளிதழைப் பத்திரமாக வைத்திருந்தார்.
"அச்சில் என் பெயர் வந்தது அந்த ஒரு தடவைதான்,
எழுத்துப்பிழை வேறு" என்று சிரிப்பார்.
அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

பிறந்த மண்ணில் தோற்றவர் அவர்.
பத்தில் ஆறு போதும் என்று
பிறந்து வந்தவர்களுக்கு அல்ல,
பறந்து வந்தவர்களுக்கு நான் சொல்லித்தருகிறேன்.
இதில் பொறாமை இல்லை என்று சொன்னால்
அது நான்காவது பதில்.

என் மகள் வெர்னீஸ் எட்டாம் வகுப்புக்கு
வரலாறு நடத்துகிறாள்.
பிள்ளைகள் மனம் நோகக்கூடாதாம், புதிதாக விதி.
"அடித்தார்கள்" என்று எழுதி, அழித்து,
"அடிபட்டார்கள்" என்று எழுதுகிறாள்.
அடித்தவன் வாக்கியத்தை விட்டு இறங்கி
நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறான்.

வகுப்பில் நான் சொல்லாத இன்னொன்று:
இரண்டு தேர்தல்களில் நான் போகவேயில்லை.
ஒருமுறை மழை.
ஒருமுறை மழைகூட இல்லை.

"நீங்கள் எதைச் சொல்வீர்கள்?"
ஃபுராஹா இன்னும் என்னையே பார்க்கிறாள்.
"எலியாசர் சொன்னதை" என்கிறேன்.
"ஆனால் சின்னது என்பதற்காக இல்லை."
எலியாசர் நிமிர்ந்து பார்த்துவிட்டு
தன் பதிலின் கீழே கோடு போடுகிறான்.
பிறகு எழுத்துப் பயிற்சி.
'குடிமக்கள் வாக்களிக்கலாம்' என்று சொல்லச் சொல்ல
எல்லோரும் எழுதுகிறார்கள்.
நான் ஒருவரையும் திருத்தவில்லை.

நவம்பரில் இதே அறைதான் வாக்குச்சாவடி.
மடித்த தடுப்புகள் மூலையில் சாய்ந்திருக்கின்றன.
ஃபுராஹாவின் மகன் ஒன்றைப் பிரித்து
உள்ளே ஒளிந்திருக்கிறான்.
செருப்புக் கால்கள் மட்டும் தெரிகின்றன.
"உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்கிறேன்.
"பேனா," என்கிறது குரல்.
"சங்கிலி போட்டுக் கட்டியிருக்காங்க."